பதின்ம வயதுப் பிள்ளைகளோடு கப்பலில் திருகோணமலைக்கு வருகிறீர்களா? கரைச்சுற்றுலாவைத் தெரிவு செய்யும் வழி

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குச் சுற்றுலாக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, திருகோணமலையில் ஒரு பகல்பொழுது மட்டும் இறங்கப்போகும் குடும்பங்கள் இங்குள்ள உறவினர்களிடம் கேட்கும் முதற் கேள்வி, "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்பதுதான். என் அக்காவின் குடும்பம் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு அப்படி வந்தபோது, ஊரில் இருப்பவன் என்பதால் ஏற்பாடுகள் முழுவதும் என் பொறுப்பாயின. கப்பல் நிறுவனத்தின் கையேட்டில் ஒரு கணக்கும், வாடகை வான் (வேன்) சாரதியின் வாயில் ஒரு கணக்கும், நிலாவெளிப் படகோட்டியின் வாயில் இன்னொரு கணக்கும் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, விசாரித்துத் தெளிவதற்குப் பட்ட அலைச்சல் அடுத்து வருபவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் பார்க்கவும் செய்யவும் நிறைய இருக்கிறது. உங்களிடம் இருக்கும் நேரமோ மிகக் குறைவு. ஆகவே இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல் மணிக்கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

1. கரையில் உண்மையாகவே எத்தனை மணிநேரம் கிடைக்கும் என்று கணக்கிடுங்கள்

பயணச் சீட்டில் "காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை" என்று அச்சிட்டிருந்தால், பத்து மணிநேரம் கையில் இருப்பதாகவே எவரும் நினைப்போம். அந்த நேரங்கள் கப்பல் துறைமுகத்துக்கு வருவதையும் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவதையும் குறிப்பவை. கப்பல் வந்து சேர்ந்த பின்னர் குடிவரவு அதிகாரிகளின் அனுமதி கிடைத்து, உங்கள் தளத்தின் முறை வந்து, நீங்கள் ஏணி இறங்கி வாயிலைக் கடப்பதற்கு ஒரு மணிநேரமோ ஒன்றரை மணிநேரமோ ஆகலாம். அதுபோலவே, பயணிகள் அனைவரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம், புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணிநேரம் வரை முந்தியதாக இருக்கும். அந்தக் கடைசி நேரத்துக்கும் குறைந்தது ஒன்றரை மணிநேரம் முன்னதாகத் துறைமுக வாயிலுக்கு வந்துவிடுவது என்று நீங்களாகவே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கணக்கிட்டால் பத்து மணிநேரம் ஆறு மணிநேரமாகிவிடும். திட்டமிட வேண்டியது அந்த ஆறு மணிநேரத்துக்குத்தான்.

கப்பல் கரையோடு கட்டப்படுமா, அல்லது துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நின்று சிறுபடகுகளில் பயணிகளை இறக்குமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். சிறுபடகு என்றால் போகும்போதும் வரும்போதும் வரிசை உண்டு. போக வர ஒவ்வோர் அரை மணிநேரத்தையாவது கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரமே. சிங்கப்பூரிலிருந்தோ மாலைதீவிலிருந்தோ வரும் கப்பலில் கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறுபடலாம். பிள்ளைகளின் கைத்தொலைபேசி தானாகவே ஊர் நேரத்துக்கு மாறிவிடும்; திரும்ப வேண்டிய நேரமோ கப்பல் நேரப்படிதான் அறிவிக்கப்படும். ஒரு கைக்கடிகாரத்தையாவது கப்பல் நேரத்தில் வைத்திருங்கள்.

2. மாதத்தையும் காற்றையும் பாருங்கள்

கிழக்குக் கரையின் கடற்பருவம் ஏறத்தாழ ஏப்ரல் இறுதியிலிருந்து செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் நிலாவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். ஒக்டோபர் பிற்பகுதியில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் படகுப் பயணங்களை நம்பித் திட்டமிடக் கூடாது. நவம்பரிலோ டிசம்பரிலோ வரும் கப்பலின் கையேட்டில் பவளப்பாறைகளின் படம் அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் "கடல் கொந்தளித்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பருவகாலத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும். கடல் கண்ணுக்கு அமைதியாகத் தெரியும். ஆனால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், காற்றடைத்த மிதவைகளில் படுத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைகளை அது அவர்களுக்குத் தெரியாமலேயே ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். அவ்வகை மிதவைகளைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கடலில் இறங்கும் திட்டம் எதுவானாலும் முற்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது.

3. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள், பணம் கட்டுவதற்கு முன்

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் விருப்பமும் பதினேழு வயதுப் பிள்ளையின் விருப்பமும் ஒன்றாக இருப்பதில்லை. இருவரையும் ஒரு பேருந்தில் ஏற்றி ஐந்து இடங்களைக் காட்டிக் கொண்டுவந்தால் இருவருமே சலித்துப்போவார்கள். என் அனுபவத்தில் பலன் தந்த ஒழுங்கு இதுதான்: உடலால் ஈடுபட்டுச் செய்யும் காரியம் ஒன்று, நின்று பார்க்கும் இடம் ஒன்று, நல்ல சாப்பாடு ஒரு வேளை. அதற்கு மேல் ஒன்றையும் சேர்க்காதீர்கள். செய்யும் காரியத்தைப் பிள்ளைகள் தெரிவு செய்யட்டும். பார்க்கும் இடத்தைப் பெரியவர்கள் தெரிவு செய்யட்டும்.

அந்தப் பேச்சில் மூன்று விஷயங்களை மனம்விட்டுக் கேட்டறிய வேண்டும். முதலாவது, நீச்சல். "தெரியும்" என்ற பதில் போதாது. நீச்சல் குளத்தில் நீந்தியவருக்குக் கடல் வேறு அனுபவம். கால் நிலத்தில் எட்டாத இடத்தில் பதற்றமின்றி மிதக்க முடியுமா என்று பயணத்துக்கு முன்பே ஒரு குளத்தில் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, படகில் குமட்டலும் வெயிலில் தலைவலியும் வரும் பிள்ளையா என்பது. மூன்றாவதைத் தாயோ மூத்த பெண் ஒருவரோ தனியாகக் கேட்பது முறை: அந்த நாட்களில் மகளுக்கு மாதவிலக்கு வரக்கூடுமா என்பது. கோயிலும் கடலும் மட்டுமே உள்ள திட்டத்தில், அன்று இரண்டுக்கும் போக விரும்பாத பெண்பிள்ளை நாள் முழுதும் வானுக்குள் காத்திருக்க நேரும். அதைச் சொல்லவும் அவள் கூச்சப்படலாம். நகருக்குள் இருக்கும் கடற்படை அருங்காட்சியகம் போன்ற ஒரு மாற்றிடத்தை முன்பே குறித்து வைத்தால், யாரும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை எழாது.

4. இடங்களைத் தூரத்தாலும் நேரத்தாலும் எடைபோடுங்கள்

கையேடுகளில் முதலில் நிற்பது பெரும்பாலும் சிகிரியாவாக இருக்கும். திருகோணமலையிலிருந்து சிகிரியா ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். ஹபரணை வழியாகப் போக இரண்டு மணிநேரத்துக்கு மேலாகும். பெரிய பேருந்தில் இன்னும் கூடும். போக வர நான்கரை, ஐந்து மணிநேரம் வீதியிலேயே கழிந்த பின்னர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை நண்பகல் வெயிலில் ஏறி இறங்க வேண்டும். ஆறு மணிநேரக் கணக்கில் இது அடங்காது. கப்பல் இரவு வெகுநேரம் கழித்தோ மறுநாளோ புறப்படுவதாக இருந்தாலன்றி, ஒரு நாள் பயணிகள் சிகிரியாவைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின்னேரியாவில் யானைகள் கூட்டங்கூட்டமாகச் சேர்வது ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில். அதுவும் பிற்பகலில்தான் நன்றாகத் தெரியும். நீங்கள் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது.

திமிங்கிலம் பார்க்கும் படகும் இதே வகைச் சிக்கல் உடையது. திருகோணமலைக் கடலுக்கு நீலத்திமிங்கிலங்கள் வருவது உண்மை. ஆனால் படகுகள் விடியற்காலையிலேயே உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து புறப்பட்டுவிடும். எட்டு மணிக்குத் துறைக்கு வரும் கப்பலில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் வாய்க்காது. ஒன்பதரை மணிக்கும் "கட்டாயம் காட்டுகிறோம்" என்று சொல்பவர் கிடைப்பார். அந்தச் சொல்லை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஆறு மணிநேரத்துக்குப் பொருந்துபவை துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றருக்குள் இருக்கின்றன.

புறாத்தீவு, கடற்பருவத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் இடம். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இது 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முகமூடியும் மூச்சுக் குழாயும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடியே பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்க்கலாம். நல்வாய்ப்பிருந்தால் செட்டைநுனி கறுத்த சிறு சுறாக்களும் கண்ணில் படும். அவை மனிதரைத் தேடி வருபவை அல்ல. துரத்தாமல் விட்டால் தம் வழியே போய்விடும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பவளத்தின் மேல் காலூன்றக் கூடாது. காலூன்றினால் பவளம் முறியும், பாதமும் கிழியும். தீவில் கடை கிடையாது. குடிநீரை நிரப்பித் திரும்பப் பயன்படுத்தக்கூடிய போத்தலில் கொண்டுபோங்கள்; பிளாஸ்டிக், பொலித்தீன் பொருட்களைத் தீவுக்குள் விடாமல் சோதிப்பார்கள். துறைமுகத்தில் ஏறியது முதல் திரும்பி வரும் வரை நான்கரை முதல் ஐந்து மணிநேரம் இதற்கு வேண்டும். அப்படியானால் அன்று வேறு பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

திருக்கோணேச்சரம் பலருக்கு இந்தப் பயணத்தின் நோக்கமே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் சுவாமிமலையில் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம் நிலைகொண்டிருப்பதால் வாயிலில் சோதனை இருக்கலாம். வாகனத்தை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடக்க வேண்டியிருக்கும். நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் இருப்பதால், காலையிலேயே போய்விடுங்கள். காலை முழுவதும் புறாத்தீவுக்கு ஒதுக்கிவிட்டால், பிற்பகலில் நடை திறக்கும் நேரத்தையும் உங்கள் திரும்பும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழாக் காலத்திலும் கூட்டம் அதிகம். வெயில் ஏறிய பின் வெறுங்காலோடு கல்தரையில் நடப்பது பெரும் சிரமம். முழங்காலை மூடாத காற்சட்டையோ கையில்லாத மேற்சட்டையோ வேண்டாம். ஈழத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேலாடை களைந்து உள்ளே செல்வதே முறை. வளர்ந்த ஆண்பிள்ளைகள் அந்த நேரத்தில் திகைத்து நிற்காதபடி முன்பே சொல்லிவையுங்கள். இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவின் பக்கம் விளிம்பு ஆழமானது. செல்ஃபி எடுக்கும் வயதுப் பிள்ளைகளை அங்கே தனியாக விடாதீர்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் பழகியவைபோல அருகில் வரும். அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்க வேண்டாம், பொதியையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன.

மாபிள் பீச் சீனக்குடாப் பகுதியில் விமானப்படையின் நிர்வாகத்தில் உள்ள கடற்கரை. நுழைவுக் கட்டணம் உண்டு. விரிகுடாவின் அணைப்பில் இருப்பதால் அலை குறைவு. நீச்சலில் துணிவு குறைந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் புறாத்தீவைவிட இதுவே பொருத்தம்.

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெப்பம் வேறுபடும். வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். நீந்தும் இடம் என்று எண்ணி வரும் பிள்ளைகள் ஏமாறுவார்கள். முக்கால் மணிநேரம் போதும். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருவோரால் நிறைந்திருக்கும் என்பதால் அன்று தவிர்க்கலாம்.

வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால், நிலாவெளி வீதியில் இருக்கும் பொதுநலவாய யுத்த மயானத்தில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளில் வயதும் பொறித்திருக்கிறது. தம்மைவிடச் சில வயதே மூத்தவர்களின் பெயர்களைப் படித்துவிட்டு அக்காவின் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் கப்பலேறும் வரை ஓயவில்லை. புறாத்தீவுக்குப் போகும் வழியிலேயே இருப்பதால் தனிப்பயணம் தேவையில்லை.

கடலடியில் மூழ்கிப் பார்க்கும் டைவிங் அனுபவத்துக்கு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சர்வதேசச் சான்றளிக்கும் அமைப்புகளின் அறிமுக டைவிங்குக்குப் பொதுவாகக் குறைந்த வயது பத்து. பெற்றோரின் கையொப்பமும் உடல்நலப் படிவமும் வேண்டும். ஆஸ்துமா போன்ற பழைய நோய் ஏதேனும் இருந்தால் மருத்துவரின் எழுத்துமூல அனுமதி கேட்பார்கள். அதை ஊரிலிருந்து புறப்படுமுன் வாங்கிக்கொள்ளுங்கள். டைவிங் செய்தவர்கள் 18 மணிநேரத்துக்குள் விமானம் ஏறக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு மணிநேரத்தில் டைவிங்கையும் புறாத்தீவையும் சேர்க்க முடியாது.

5. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, உள்ளூர் ஏற்பாடா என்று முடிவெடுங்கள்

இரண்டுக்கும் இடையில் உள்ள பெரிய வேறுபாடு விலை அன்று, காத்திருப்பு. கப்பல் நிறுவனம் விற்ற சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாக அதற்காகக் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். நீங்களாக வான் பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். அதன் பிறகு வரும் செலவு முழுவதும் உங்களுடையது. நெடுந்தூரம் போவதானால் நிறுவனத்தின் சுற்றுலாவையே எடுங்கள். இருபது கிலோமீற்றருக்குள் என்றால், நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு உள்ளூர் வான் செலவிலும் சுதந்திரத்திலும் நல்லது: பிள்ளை களைத்துவிட்டால் திரும்பிவிடலாம், கடல் பிடித்துவிட்டால் இன்னும் அரை மணிநேரம் இருக்கலாம்.

உள்ளூர் ஏற்பாடு என்றால் நான்கு விஷயங்களை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்: வானுக்குரிய மொத்தத் தொகை எவ்வளவு, அதில் எரிபொருளும் காத்திருப்பும் அடங்குமா, சாரதி எந்த வாயிலில் எத்தனை மணிக்கு நிற்பார், கப்பல் வராவிட்டால் முற்பணம் என்ன ஆகும். துறைமுகம் பாதுகாப்பு வலயம் என்பதால், உறவினர்களோ வாடகை வாகனங்களோ கப்பலின் அருகில் வர முடியும் என்று எண்ணாதீர்கள். வெளிவாயிலில்தான் சந்திக்க வேண்டியிருக்கும். வாயில் வரை துறைமுகத்துக்குள் நடக்க அனுமதி உண்டா, பேருந்து விடுவார்களா என்பதைக் கப்பலின் சுற்றுலா மேசையில் முதல்நாள் இரவே கேளுங்கள். வழிகாட்டி வைத்துக்கொள்வதானால், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கிய உரிம அட்டை உள்ளவரைத் தெரிவு செய்யுங்கள். தமிழ் பேசுபவர்களுக்கு நகருக்குள் வழிகாட்டி அவசியமில்லை. சாரதி தமிழ் பேசுபவராக இருந்தாலே போதும்.

வெள்ளிக்கிழமையில் வருபவர்களுக்கு இன்னொரு குறிப்பு. படகோட்டிகளிலும் சாரதிகளிலும் முஸ்லிம்கள் பலர் இருப்பதால் நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் படகும் கடைகளும் கிடைப்பது கடினம். அன்று கடற்பயணத்தைப் பன்னிரண்டு மணிக்குள் முடிக்கும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

6. ஆவணங்களை இரண்டு தொகுதியாக ஆயத்தம் செய்யுங்கள்

கப்பற்பயணிகளுக்கான இலங்கை விசா விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. கப்பல் நிறுவனமே பெற்றுத் தருமா, நீங்கள் தனித்தனியாக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்திருங்கள். கடவுச்சீட்டு ஒவ்வொன்றும் பயணத்துக்குப் பின் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிறுவர்களின் கடவுச்சீட்டு பெரும்பாலும் பெரியவர்களுடையதைவிடக் குறுகிய காலத்துக்கே வழங்கப்படுவதால், பெற்றோரின் கடவுச்சீட்டு சரியாக இருக்கப் பிள்ளையினுடையது காலாவதியாகிவிடும் நிலை அடிக்கடி நேர்கிறது.

கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து சென்னையில் கப்பலேறும் நம்மவர்களுக்குப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. கப்பல் திருகோணமலைக்கு வந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பும்போது, நீங்கள் இந்தியாவுக்குள் இரண்டாம் முறையாக நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு வந்தால் கப்பலேறவே விடமாட்டார்கள். இந்திய மின்விசா ஏற்கப்படும் கடல்துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் உங்கள் விசா மீள்நுழைவை அனுமதிக்கிறதா என்பதைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

பெற்றோரில் ஒருவரோடு மட்டும் பிள்ளை வருவதானால், மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் வேண்டியிருக்கும். சித்தப்பாவோடோ மாமியோடோ வரும் பிள்ளைக்குப் பெற்றோர் இருவரின் கடிதமும் அவசியம். கப்பல் நிறுவனத்துக்கென்று தனிப்படிவம் இருந்தால் அதையே நிரப்புங்கள்.

சில கப்பல்களில் பயணம் முடியும் வரை கடவுச்சீட்டுகளைக் கப்பல் அலுவலகமே வைத்துக்கொண்டு, பயணிகளுக்குக் கப்பல் அட்டையை மட்டும் தரும். கரையில் நுழைவுச்சீட்டுச் சலுகைக்கும் சிம் அட்டைக்கும் கடவுச்சீட்டு கேட்பார்கள். ஆகவே, தகவல் பக்கத்தின் வண்ணப் பிரதிகளை ஒரு தொகுதி பெற்றோரின் பையிலும், இன்னொன்றைப் பிள்ளைகளின் பையிலும் வையுங்கள். குடிவரவு அதிகாரிகள் தரும் கரையிறங்கும் அனுமதிச் சீட்டைத் தொலைத்தால் திரும்ப ஏறுவது சிக்கலாகிவிடும். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்காமல் பெரியவர் ஒருவரே வைத்திருப்பது நல்லது.

7. செலவை நபர்வாரியாகப் போட்டுப் பாருங்கள்

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. உள்ளூர் வானுக்கும் படகுக்கும் வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. நான்கு பேர் என்ற உடனேயே இரண்டாவது மலிவாகத் தொடங்கும். ஆறு பேரென்றால் வேறுபாடு பெரிது. ஆனால் வான் வாடகையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. புறாத்தீவுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு, அதன் மேல் சேவைக் கட்டணமும் வரியும், படகு வாடகை, முகமூடி, துடுப்புக்காலணி, உயிர்காப்பு அங்கி ஆகியவற்றின் வாடகை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்காமல் "நுழைவுச்சீட்டு சேர்ந்ததா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது. கப்பலில் பழகிய இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் படகு வாடகை பாதியாகும்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய ஒன்று: சிறுவர் கட்டணம் பல இடங்களில் பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரியவருக்குரிய முழுக் கட்டணம் என்றே கணக்கிடுங்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரருக்குரியதைப் போலப் பல மடங்கு. சிகிரியா, பொலன்னறுவை போன்ற தொல்லியல் இடங்களில் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய (சார்க்) நாட்டவருக்குக் கடவுச்சீட்டைக் காட்டினால் குறைந்த கட்டணம். சிகிரியாவில் மற்ற வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 30 டொலருக்குக் குறையாது என்பதைப் பார்த்தால் இந்தச் சலுகையின் பெறுமதி விளங்கும். திருக்கோணேச்சரத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

2024 பெப்ரவரியிலிருந்து இந்திய யூபிஐ செயலிகள் இலங்கையிலும் பணம் செலுத்த ஏற்கப்படுகின்றன. ஆயினும் படகோட்டியும் இளநீர்க்காரரும் பணத்தாளையே எதிர்பார்ப்பார்கள். நகரிலுள்ள வங்கியில் முதல் வேலையாக இலங்கை ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள். நிலாவெளிக்குப் போன பிறகு பணப்பொறி (ஏ.டி.எம்.) தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

பிள்ளைகளின் கைத்தொலைபேசியால் வரும் செலவு பலருக்குப் பின்னரே தெரிகிறது. கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் தொலைபேசி தானாக இணைந்துகொண்டால் கட்டணம் மிக அதிகமாகும். கப்பலில் ஏறியது முதல் விமானப் பயன்முறையில் வைக்கச் சொல்லுங்கள். கரையில் ஒருவர் மட்டும் உள்ளூர் சிம் வாங்கி மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டால் போதும்.

8. எப்போது எதைச் செய்வது

இரண்டு மாதத்துக்கு முன்: விசா, கடவுச்சீட்டு, ஒப்புதல் கடிதம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது கப்பலைத் தவறவிடுதலும், நீர்விளையாட்டில் ஏற்படும் காயமும் அடங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் பல திட்டங்களில் தனியாகச் சேர்க்க வேண்டியவை.

மூன்று வாரத்துக்கு முன்: பிள்ளைகளோடு பேசி முடிவெடுத்து வானையும் படகையும் பேசுங்கள். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவானால், இரத்துச் செய்யும் கடைசி நாளைக் குறித்துவைத்து அதற்கு முன் கடற்பருவ நிலவரத்தை இங்குள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

இரண்டு நாளுக்கு முன்: கப்பலின் வருகை நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சாரதிக்கு அறிவியுங்கள். அன்று போயா தினமா (பௌர்ணமி விடுமுறை) என்றும் பாருங்கள். விகாரைகளிலும் கடற்கரைகளிலும் உள்ளூர்க் கூட்டம் கூடும், வீதியும் நெருக்கமாகும்.

9. கரையிறங்கும் நாளில்

காலையுணவைக் கப்பலிலேயே வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள். நீச்சலுடையை உள்ளே அணிந்து மேலே கோயிலுக்கும் பொருந்தும் உடையைப் போட்டுக்கொண்டால் உடைமாற்ற இடம் தேடும் நேரம் மிச்சமாகும். மாற்றுடை, துவாய், தொப்பி, நீர் புகாத பை, வெயில் பூச்சு ஆகியவை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் தனித்தனியாக இருக்கட்டும். கண்ணாடி அணியும் பிள்ளைக்குச் சாதாரண முகமூடியில் மீன்கள் மங்கலாகத்தான் தெரியும். கண்பார்வைக்கேற்ற முகமூடியை ஊரிலிருந்தே கொண்டுவருவது நல்லது. படகில் ஏறுமுன் உயிர்காப்பு அங்கியின் பட்டிகளை நீங்களே இழுத்துப் பாருங்கள். பட்டி அறுந்த அங்கியை மாற்றித் தரும்படி கேட்க எந்தக் கூச்சமும் வேண்டாம். மாற்றித் தராத படகில் ஏறாதீர்கள்.

துறைமுகம், கடற்படைத் தளம், சீனக்குடா விமானப்படைத் தளம், கோட்டைக்குள் இருக்கும் இராணுவக் கட்டடங்கள் ஆகியவற்றைப் படமெடுக்கக் கூடாது. இறங்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ட்ரோனை அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. கொண்டுவராமல் இருப்பதே நலம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பதும், புத்தர் உருவம் பச்சை குத்திய உடலோடு வருவதும் இலங்கையில் பெருங்குற்றமாகப் பார்க்கப்படும்.

குடும்பம் பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்பதைக் காலையிலேயே ஓர் இடமாகச் சொல்லிவையுங்கள். கப்பலின் பெயர், துறைமுக வாயிலின் பெயர், திரும்ப வேண்டிய நேரம், சாரதியின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொருவரின் பையிலும் வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரும்படி சாரதியையே கேட்கலாம். இலவச அவசர நோயாளர் வண்டிக்கு 1990, பொலிசுக்கு 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவிக்கு 1912. மாவட்டப் பொது வைத்தியசாலை நகருக்குள்ளேயே இருக்கிறது.

கடலிலிருந்து ஏறிய பிள்ளைகளுக்குப் பசி கடுமையாக இருக்கும். நிலாவெளியில் உட்கார்ந்து உணவு வரும் வரை ஒரு மணிநேரம் காத்திருப்பதைவிட, படகில் ஏறுமுன்னரே கடையில் சொல்லிவைத்துவிட்டுப் போனால் திரும்பும்போது சோறும் மீன்குழம்பும் ஆயத்தமாக இருக்கும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் நகருக்கு வந்து சாப்பிடுவது எளிது.

திரும்பும் வழியில் கரையோரத்தில் விற்கும் சங்கு, பவளத்துண்டு, ஆமையோட்டுப் பொருட்கள் எதையும் வாங்காதீர்கள். பிள்ளைகள் தீவில் பொறுக்கிய பவளத்துண்டு ஒன்று பையில் இருந்தாலும் அது சட்டப்படி குற்றம். சோதனையில் அகப்பட்டால் ஏணியடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். வானில் ஏறுமுன், கடற்கரையிலேயே பைகளை ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.